தடுமாறக் கற்றுத்தரப்படும்

நாக்குப் பெட்டிக்கு அரசு வைத்த பெயர் நாவாய்வி. மூன்று கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்த பெயர். திறப்பு விழாவில் அதைச் சொல்ல முயன்ற துறைச் செயலர் ‘நாய்வாவி’ என்றார். பெட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தது. நூற்றுக்கு அறுபத்தொன்று என்று திரையில் காட்டியது. இன்னும் ஒன்பது வாங்கியிருந்தால் அவருக்கு வாசிப்புக் குறைபாடு என்று சான்றிதழே கிடைத்திருக்கும்.

இது நடந்து ஆறு வருஷம். இப்போது பெட்டியைப் பற்றித் தெரியாத பெற்றோர் தமிழ்நாட்டில் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைப்பார்கள். முதலில் ‘படக படக படக’ என்று மூச்சு விடாமல் பத்து நொடி சொல்ல வேண்டும். பிறகு பெட்டி சொல்லும் நீளமான சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் அர்த்தமே இல்லாத சொற்கள்: சபுதிகோளம், நெருமிடாகை. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளுக்குப் பேசும்போதும் நாக்கு எங்கோ ஒரு கணம் தயங்கும் என்பது பெட்டியின் நம்பிக்கை. அந்தத் தயக்கத்தை அளந்து எண்ணாகச் சொல்லிவிடும். எழுபது வந்தால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கேள்வித்தாளை ஒருவர் படித்துக் காட்டுவார், பதிலை வாயால் சொல்லலாம், நேரமும் ஒன்றரை மடங்கு.

திருச்செங்கோட்டு இதழினி வாங்கியது நான்கு.

அவளுக்குப் பதினாலு வயது. எட்டாம் வகுப்பில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவள். இன்னொரு முறை தோற்றால் பள்ளியை விட்டு எடுத்துத் தொழிற்பிரிவில் போட்டுவிடுவார்கள், அங்கிருந்து திரும்பி வந்தவர்கள் யாரும் இல்லை. பாடம் தெரியாதவள் அல்ல. ஒருமுறை காதில் விழுந்ததை மறு வருஷம் கேட்டாலும் ஒப்பிப்பாள். தாளில் வந்தால்தான் வம்பு. எழுத்துகள் பண்டிகைக்கு முந்தின நாள் பேருந்து நிலையம் மாதிரி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். எது எந்த ஊருக்குப் போகிறதென்று அவளுக்குத் தெரியாது.

அவள் அம்மா வசந்தாமணி ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறாள். கடையின் பெயர் மணி ஆடியோஸ். அப்பா லாரியோடு மாதத்தில் இருபத்தைந்து நாள் வெளிமாநிலத்தில். ஏழு வயதிலிருந்து இதழினிதான் கடையின் குரல். கல்யாணம், காதுகுத்து, தேர்த்திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவள்தான் அறிவிப்பு. அம்மா ஒருமுறை சொல்வாள், மகள் அதை வெள்ளிக்கிண்ணத்தில் தட்டிய மாதிரி ஊருக்கே சொல்வாள். அந்த நாக்கில் பெட்டி தயக்கத்தைத் தேடியது.

சோதனை முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமகன் அறையில் பெட்டி, அதன் பக்கத்தில் பேச்சியல் அலுவலர் மெஹருன்னிசா. வாணியம்பாடிக்காரி, ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி.

“ஏனுங் மேடம், உங்க பொட்டிக்குக் காது கேக்குமுங்களா?” என்றாள் வசந்தாமணி.

“நல்லாக் கேக்கும்மா.”

“அப்பறம் நாலு போட்டிருக்குது? எம்புள்ள தமிள்ல ஒம்பது மார்க்கு வாங்கறா.”

“ஒம்பது மார்க்குன்னா ‘முயற்சிக் குறைவு’ன்னு ஒரு கட்டம் இருக்கு. பெட்டி அதுல டிக் போட்டிருக்கு.”

“முயற்சிக் குறைவா? ஒம்போது வருசமா அதே ‘அ’வைப் பார்த்து முளிச்சுட்டிருக்கா. அத விட என்னுங் முயற்சி?”

மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றினாள். “நல்லாப் பேசுறதுதான்மா இங்க பிரச்சனை. நாலாயிரம் பிள்ளைங்க பேசுறதைக் கேக்க வச்சு இதைப் பழக்கினாங்க. அதுல ஒரு பிள்ளையும் மைக் பிடிச்சதில்லை. உங்க பொண்ணு நாக்கைப் பட்டை தீட்டி வச்சிருக்கு. வழுக்கிட்டு ஓடுது. இந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாத்துக்கும் ‘ங்’ போடுறீங்கல்ல, முதல் வருஷம் அதையே வியாதின்னு சொல்லி ரெண்டு மாவட்டத்துக்கு மொத்தமாச் சான்றிதழ் குடுத்துச்சு. அப்புறம் திருத்தினாங்க. மைக்கைப் பத்தி இன்னும் யாரும் அதுக்குச் சொல்லலை.”

“உங்களுக்கு என்னுங் தோணுது?”

“முப்பது வருஷமா பிள்ளைங்க பேச்சைத்தான் கேக்குறேன். இவளுக்குப் படிக்க வராதுன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா எனக்குத் தோணுறதை எழுத இதுல கட்டம் இல்லை.”

“அப்ப நீங்க எதுக்குங் இங்க உக்காந்திருக்கறீங்?”

“பெட்டியைத் துடைக்க.”

வசந்தாமணிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் பிடித்துப்போன பதிலை வைத்துக்கொண்டு மகளைத் தேர்வெழுத அனுப்ப முடியாது. மூன்று மாதம் கழித்து இரண்டாவது முகாம், அதுதான் கடைசி வாய்ப்பு. மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு சேலம் ரோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த ஸ்ரீ வாக்தேவி பயிற்சி மையத்துக்குப் போனாள். வாசலில் பலகை: ‘இங்கு முறைப்படி தடுமாறக் கற்றுத்தரப்படும்’. அதற்குக் கீழே பிள்ளைகளின் படங்களும், சென்ற ஆண்டு அவர்கள் பெற்ற குறைபாடுகளும்: 98, 97, 97, 96.

மையத்தை நடத்தியவர் சடையப்பன். எங்கோ ஒரு பேச்சுப் பயிற்சி நிலையத்தில் ஆறு வருஷம் வாட்ச்மேனாக இருந்தவர். உள்ளே பிள்ளைகள் எப்படித் தடுமாறினார்கள் என்பதை வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காதால் படித்துவிட்டார். அந்த நிலையத்தில் பட்டம் வாங்கிய யாருக்கும் அவர் அளவுக்கு அது வரவில்லை.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். முப்பத்தொன்பது பேர் அவரவர் பள்ளியில் முதல் மூன்று இடம். முதலிடத்தில் நிற்க அவர்களுக்கு அரை மடங்கு கூடுதல் நேரம் தேவைப்பட்டது.

“கண்ணுகளா, தடுமாற்றம்னா திக்கறதில்ல. திக்கறது வேற டிப்பார்ட்மென்ட்டு, அதுக்கு வேற சலுகை,” என்பார் சடையப்பன். “நம்முளுது ரோட்டுல ஒரு சின்னப் பள்ளம். வண்டி எறங்கி ஏறோணும், கவுந்துறக் கூடாது. எங்க, நகராட்சி!”

“நராகட்சி!”

“சபாசு. குதிரை?”

“குருதை!” என்றான் ஒரு முதல் மதிப்பெண்காரன்.

“அது தப்பு சாமி. குருதைன்னு பாதி ஊரு சொல்லுது, பொட்டி அத மன்னிச்சுட்டுப் போயிரும். ஊருல ஒருத்தனும் சொல்லாத மாதிரி சொல்லோணும். அம்மிணி, நீ சொல்லு. நகராட்சி.”

“நகராட்சி,” என்றாள் இதழினி. கீழே பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இது மைக் இல்ல கண்ணு. கொஞ்சம் கேவலமாச் சொல்லு.”

முதல் வாரம் அவளுக்குக் கேவலமாகச் சொல்ல வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தது. மற்றவர்கள் பிழைகளைப் பட்டியல் போட்டு நோட்டில் எழுதி இரவெல்லாம் மனப்பாடம் செய்தார்கள். எழுதிப் படித்த பிழை எழுதிப் படித்த மாதிரியே வந்தது. இதழினி சடையப்பனின் வாயையே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் எங்கே மூச்சு எடுக்கிறார், எந்த எழுத்தை விழுங்குகிறார், எதைத் திருப்பித் துப்புகிறார் எல்லாம் அவளுக்கு ஏறியது. மாதக் கடைசியில் வகுப்பில் முதலிடம். பிறந்ததிலிருந்து அவள் எதிலும் முதலாக வந்ததில்லை. வசந்தாமணி அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி மையத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள்.

பிறகு மாதிரித் தேர்வு வந்தது. எந்த மாவட்டத்திலோ கழித்துப்போட்ட பெட்டி ஒன்றைச் சடையப்பன் வாங்கி வந்து, அரசுப் பெட்டிகளுக்கு வருஷந்தோறும் வரும் புதுப் பாடத்தையும் யாரையோ பிடித்து அதில் ஏற்றி வைத்திருந்தார். பிள்ளைகளை வரிசையாக அதன் முன்னால் உட்கார வைத்தார்.

முப்பத்தெட்டு. நாற்பத்தொன்று. முப்பத்தாறு. முதலிடத்து இதழினி நாற்பத்து நான்கு. ஒருவரும் எழுபதை எட்டிப் பார்க்கவில்லை.

பெற்றோர்கள் மாடிப்படி ஏறி வந்தார்கள். “ஏனுங் சார், குறையே இல்லைங்குதே பொட்டி!” என்று ஒரு பல் மருத்துவர் கத்தினார். “போன வருசம் தொண்ணூறுன்னு பலகையில போட்டு வெச்சிருக்கறீங்!”

“வருசா வருசம் பொட்டி புதுசாப் படிக்குதுங்,” என்றார் சடையப்பன், வேர்த்து வழிந்தபடி. “போன வருசம் யாருக்கெல்லாம் சான்றிதள் குடுத்துதோ, அவுங்க பேசுனதையெல்லாம் மறுக்காக் கேட்டு, ‘ஓகோ, குறைன்னா இப்புடித்தான் இருக்கும்’னு தெரிஞ்சுக்கும். அதுல பாதிப் பேரு நம்ம பசங்கதானுங். அப்ப நாம சொல்லிக் குடுக்கறது அதுக்கு இன்னும் நல்லாத்தானே புரியோணும்? எனக்கே வெளங்க மாட்டீங்குது.”

சமாதானத்துக்குச் சென்ற வருஷத்துப் பிள்ளைகளின் ஒலிப்பதிவைப் போட்டார். பெற்றோர்கள் கேட்டார்கள். அதே பள்ளம், அதே விழுங்கல். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதழினி ஜன்னல் ஓரமாக நின்று கேட்டாள். முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனாள்.

அம்மா கடையில் ஒரு பழைய பெட்டி ஸ்பீக்கரைப் பிரித்துப் போட்டிருந்தாள்.

“அம்மா, போன வருசத்துப் புள்ளைங்க ‘ச’ சொன்னா விசில் வருது.”

“என்ன விசிலு?”

“சன்னமா. ஸ்பீக்கர்ல ட்வீட்டர் கிளிஞ்சா வருமே, அந்த மாதிரி. ‘சபுதிகோளம்’னா முன்னால காத்து ஒண்ணு போகுது. எல்லாத்துக்கும் ஒரே விசிலு.”

“எல்லாத்துக்குமா பல்லு போயிருச்சு?”

“பல்லு போயிருந்தது சாருக்கும்மா. அந்த டேப்புலயே முன்னால அவுரு சொல்லிக் குடுக்கறாரில்ல, அதுலயும் விசிலு. இப்ப அவுருக்கு விசிலு இல்ல.”

வசந்தாமணி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். சடையப்பனின் முன்பல் ஒன்று வருஷக்கணக்காக இல்லை என்பது ஊருக்கே தெரியும். மையம் நன்றாக ஓடவும், தை மாதம் கோயமுத்தூர் போய்ப் பீங்கான் பல் கட்டிக்கொண்டு வந்தார். அதற்கு முன்னால் படித்த பிள்ளைகள் ஆசிரியர் சொன்னதைச் சொன்னபடியே சொன்னார்கள், ஓட்டை உட்பட. பெட்டி அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது. மறு வருஷம் அவர்களையே கேட்டுப் படித்தது. நூற்றுக்கணக்கான குரலில் ஒரே மாதிரி இருந்தது அந்த விசில் ஒன்றுதான் என்பதால், அதுதான் நோயின் தலையாய அறிகுறி என்று முடிவு கட்டிவிட்டது.

வசந்தாமணி சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் ஸ்பீக்கர் மேல் சாய்ந்தாள். “ஐயோ சாமி! தமிள்நாடு முச்சூடும் படிக்க வருதா வரலையாங்கறதுக்கு அளவு சடையப்பன் ஓட்டைப் பல்லா?”

“சார்கிட்டச் சொல்லட்டுமாம்மா? பாவம், அல்லாரும் திட்டறாங்க.”

“சொல்லிக் கிளிச்ச. அந்த முப்பத்தொம்போதும் படிக்கற புள்ளைங்க. அதுகளுக்கு எதுக்கு விசிலு? நீ வாயத் தொறந்தீன்னா மைக் வயர்ல கட்டிப் போட்டுருவேன்.”

இதழினி கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்கி வைத்தாள். “அப்ப, என்னாட்டம் நெசமாவே படிக்க வராம, விசிலும் தெரியாத புள்ளைங்க? மத்த ஊர்ல?”

வசந்தாமணிக்குச் சிரிப்பு நின்றது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். கழற்றிய ஆணியையே மறுபடி முடுக்கினாள். “மொதல்ல நீ பாசாகு,” என்றாள்.

இரண்டாவது முகாமும் அதே மண்டபம், அதே மணமகன் அறை. இதழினி பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ‘படக’வில் இரண்டு இடத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறினாள். நராகட்சி சொன்னாள். சபுதிகோளத்துக்கு நாக்கு நுனியைப் பல்லோடு ஒட்டி, மெலிதாகக் காற்றை விட்டாள்.

தொண்ணூற்றேழு.

மெஹருன்னிசா திரையைப் பார்த்தாள். பிறகு இதழினியைப் பார்த்தாள். “மூணு மாசம் முன்னால நாலு. எங்க, பல்லைக் காட்டு.”

இதழினி காட்டினாள்.

“ஒண்ணும் விழலை. ரெண்டு வருஷமா இந்த ஊர்ல மட்டும் ஒரு விசில் கேக்குது. அதைக் கேட்டாப் பெட்டி சொக்கிப் போயிடுது. போன வருஷமே மேல எழுதினேன். ‘நாவாய்வியின் செவித்திறன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது; தங்களுடையதைப் பரிசோதித்துக்கொள்ளவும்’னு பதில் வந்துச்சு. பரிசோதிச்சேன். எனக்கு நல்லாத்தான் கேக்குது.”

மெஹருன்னிசா திரையிலிருந்த எண்ணை விரலால் தட்டினாள்.

“நீ படிக்க முடியாம கஷ்டப்படுறேன்னு நம்பினேன் நான். நாலைத் தொண்ணூத்தேழா மாத்தத் தெரிஞ்ச பொண்ணுக்கு ஒம்பது மார்க் வாங்குறதும் நடிப்பா இருக்கலாமில்ல?”

“இல்லீங் மேடம்,” என்றாள் இதழினி. அதற்குமேல் என்ன சொன்னாலும் அது நன்றாகச் சொன்னதாகிவிடும் என்று பயமாக இருந்தது.

மெஹருன்னிசாவுக்கும் வேறு வழி இல்லை. இரண்டு எண்களுக்கு நடுவே ஐம்பதுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் பெட்டி மெஹருன்னிசாவைப் பற்றியே ஒன்றை நிரப்பிவிடும். இழுப்பறையிலிருந்து அதை எடுத்து, இதழினியின் பெயரை எழுதினாள். அச்சடித்த வாசகம் இது: ‘மேற்படி மாணவி, இயந்திரத்தை ஏமாற்றும் நோக்குடன் செயற்கையாகப் பேசியது கண்டறியப்பட்டதால், இரண்டு ஆண்டுகளுக்கு எவ்விதப் பொதுத்தேர்வும் எழுதத் தடை விதிக்கப்படுகிறது. இதை நான் வாய்விட்டு வாசித்து, புரிந்துகொண்டு ஒப்பமிடுகிறேன்.’

“வாய்விட்டுப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடணும். அதுதான் விதி,” என்று தாளை நீட்டினாள். முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

இதழினி வாங்கிக்கொண்டாள். மேலே அரசு முத்திரை. நடுவில் தன் பெயர். அதன் உருவம் மட்டும் அவளுக்குத் தெரியும். கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு. எதிரே திரையில் தொண்ணூற்றேழு. இதெல்லாம் சேர்ந்தால் ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க முடியும். சான்றிதழை உடனுக்குடனே கையில் கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மண்டபத்தில் மைக் முன்னால் நிற்பதுபோல எழுந்து நின்றாள்.

“அனைவருக்கும் வணக்கம். இதனால் அறிவிப்பது என்னவென்றால், திருச்செங்கோடு மணி ஆடியோஸ் உரிமையாளர் திருமதி வசந்தாமணி அவர்களின் ஒரே புதல்வி, செல்வி இதழினி அவர்களுக்கு, வாசிப்புக் குறைபாடு உள்ளது எனப் பெருமகிழ்ச்சியுடன் சான்றளிக்கப்படுகிறது. வருகின்ற பொதுத்தேர்வில் அன்னாருக்குக் கேள்விகளை ஒருவர் வாசித்துக் காட்டுவார். அன்னார் வாயால் பதில் அளிப்பார். இதற்கு யாரும் இடையூறு செய்ய வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். நன்றி.”

விசில் இல்லை, பள்ளம் இல்லை. கண்கள் இடமிருந்து வலமாகப் போய், வரி முடிந்த இடத்தில் ஒழுங்காக அடுத்த வரிக்கு இறங்கின. பெட்டி அதையும் கேட்டு, நான்கு என்று காட்டியது. அவள் தன் பெயரைக் கோட்டின் மேல் நிதானமாக வரைந்து தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“போட்டாச்சுங் மேடம்.”

மெஹருன்னிசா தாளைப் பார்த்தாள். தடை என்ற சொல் அதில் தடித்த எழுத்தில் இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பைக் கல்யாணப் பத்திரிகையாக வாசிக்க எந்த நடிகையாலும் முடியாது. இப்படி வாசிக்கத் தெரிய, வாசிக்கத் தெரியாமல் இருக்க வேண்டும்.

குனிந்து பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். மண்டபத்தில் அதன் உறுமல் நின்றதும் வெளியே வசந்தாமணி யாரிடமோ சண்டை போடுவது கேட்டது. மெஹருன்னிசா படிவத்தின் முன்பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டுத் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் வெற்று.

மனிதர் கைப்பட எழுதிய சான்றிதழ் செல்லாது என்று அரசாணையில் எங்கும் இல்லை. அப்படி ஒருவர் எழுதுவார் என்று யாருக்கும் தோன்றாததால், தடுக்க மறந்துவிட்டார்கள்.

“இன்னொரு தடவை படி.”

“நல்லா இல்லீங்களா?”

“நல்லாத்தான் இருக்கு. மெதுவாப் படி, எழுதிக்கிறேன். அனைவருக்கும் வணக்கமெல்லாம் வேணாம்.”

இதழினி மெதுவாகச் சொன்னாள். பேனா அவள் பின்னால் ஓடியது. நடுவில் ஒரு சொல்லில் நின்றது. ஆறு வருஷமாகச் சுற்றறிக்கைகளில் ஒருமுறை ஒரு மாதிரியும் மறுமுறை வேறு மாதிரியும் பார்த்துப் பார்த்து மெஹருன்னிசாவுக்குக் குழம்பிப் போயிருந்தது.

“வாசிப்பு, குறைபாடு. நடுவுல ‘க்’ வருமா?”

“வருமுங்,” என்றாள் இதழினி. “சொல்லிப் பாருங், கேக்குதில்லீங்?”

மெஹருன்னிசா வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கேட்டது. எழுதினாள்.